செம்மொழி அரிசிக்கடையில் நிறைந்திருக்கிறது

செம்மொழி என்று பெயரை வைத்துக்கொண்டு அரிசிக்கடை நடத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இணையத்தில் ‘செம்மொழி அரிசிக்கடை’ திறந்த முதல் வாரமே திருச்சியிலிருந்து ஒரு பெரியவர் தம்முடைய கவிதைகளை அனுப்பி, இவை எந்த இதழில் வரும் என்று கேட்டிருந்தார். செம்மொழிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. “ஐயா, இது நிஜமாகவே அரிசிக்கடைதான். செம்மொழி என்பது என் பெயர்” என்று பதில் போட்டாள். அவரும் கூச்சப்படாமல், “அப்படியானால் தூயமல்லி ஐந்து கிலோ அனுப்பம்மா” என்று எழுதிவிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் அவளை நம்பிச் சரக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த மனிதர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்லுவாள். கவிதைகளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

நீடாமங்கலத்திலிருந்து வெண்ணாற்றுப் பக்கமாகப் போகிற சாலையில் அவளுடைய வீடு. புருஷன் அறிவுச்செல்வன் விவசாயம். அவனுடைய அப்பா காலம் வரைக்கும் அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில்தான் நட்டது, அறுத்தது. இப்போது சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று நிலம் கையில் இருக்கிறது. செம்மொழி பி.காம். படித்தவள். கல்யாணம் ஆன நாளிலிருந்து தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. காலை ரயிலில் போய், நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்து, விரித்ததையெல்லாம் மறுபடி மடித்து, ராத்திரி ரயிலில் வீங்கிய காலோடு திரும்பி வருவாள்.

அரிசி வியாபாரம் அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பிறந்தது. அவள் டப்பாவிலிருந்து ஒரு கை வாங்கித் தின்ற பெண்கள், “இது என்ன அரிசிடி, எனக்கும் கொண்டு வா” என்றார்கள். அவர்கள் தங்கச்சிக்குச் சொன்னார்கள், தங்கச்சி சென்னையில் நாத்தனாருக்குச் சொன்னாள். கைபேசியிலேயே கணக்கெல்லாம் ஓடியது. ஓடியது என்று சொல்வது மரியாதைக்காக. தாம்பரத்துக்குப் போக வேண்டிய புழுங்கல் மதுரைக்குப் போனது, மதுரைக்காரர் பச்சரிசி கேட்டவர். இனி ஒழுங்காக ஓர் இணையக்கடை போட்டால்தான் ஆகும் என்று வேலையை விட்டாள். புடவைப் பிரிவு மேலாளர் இராஜாங்கம் தங்கமான மனிதர். “தை மாசம் வரைக்கும் உன் இடத்துல ஆள் போட மாட்டேம்மா. சரிப்படலேன்னா யோசிக்காம வந்துரு” என்றார். அந்த வார்த்தைக்கு அவள் மனதாரக் கும்பிட்டாள். ஆனால் அதே வார்த்தைதான் அவளுக்குப் பயமும். தைக்குள் கடை நிமிர வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி அந்த ரயில், அந்தப் புடவைகள், அந்தக் கால் வீக்கம்.

கூத்தாநல்லூரில் ஃபாஜில் என்று ஒருவன். கைபேசி பழுது பார்க்கிற கடை வைத்திருந்தாலும், நாலைந்து ஊர்க் கடைகளுக்கு இணையதளம் போட்டுக் கொடுத்தவன். ஓர் ஆவணி மாதத்துக் காலையில் செம்மொழியும் அறிவுச்செல்வனும் அவனைப் பார்க்கக் கிளம்பினார்கள். மாமியார் ரெங்கம்மாளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். “கடை பிடிக்கப் போறீங்க. நேர்ல பாக்க வேணாமா?” என்றாள். இணையத்தில் இருக்கிற கடையை எப்படி நேரில் பார்ப்பது என்று விளக்கப் போய்ப் பயனில்லை என்பது செம்மொழிக்குத் தெரியும். வாடகைக்குப் பிடித்த காரில் இடம் இருந்தது.

ஃபாஜில் லேப்டாப்பைத் திறந்து வைத்து நிதானமாக விளக்கினான். பெரிய பெரிய கம்பெனிகள் நடத்துகிற சந்தையில் நாமும் ஒரு மூலையில் சரக்கை வைக்கலாம். கூட்டத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் விற்கிற ஒவ்வொன்றிலும் அவர்களுக்குப் பங்கு. அது வேண்டாமென்றால், மாதாமாதம் கட்டணம் கட்டினால் கடையை அலங்காரத்தோடு தயாராகக் கையில் கொடுக்கிற கம்பெனிகள் உண்டு. அதுவும் வேண்டாமென்றால், இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளை எடுத்து நாமே கட்டிக்கொள்ளலாம், இஷ்டப்படி மாற்றலாம், கெட்டுப்போனாலும் நாம்தான் பார்க்க வேண்டும்.

அறிவுச்செல்வன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். “புரிஞ்சிருச்சு தம்பி. முதல்ல சொன்னது வாரத்துக்குப் பண்றது, வெளையறதுல பங்கு. ரெண்டாவது குத்தகை. மூணாவது சொந்தப் பட்டா, வரப்பு வெட்டுறதுலேருந்து நம்ம வேலை.”

“அவ்வளவுதாங்க அண்ணே. நான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்துனதே வேஸ்ட்டு” என்று ஃபாஜில் சிரித்தான்.

செம்மொழி ஏற்கெனவே குத்தகைக் கடையைத்தான் மனதில் முடிவு செய்து வைத்திருந்தாள். அழகாக இருந்தது, சிரமமில்லை, ஒரு வாரத்தில் திறந்துவிடலாம். பட்டாவாவது கிட்டாவாவது, அவளுக்குத் தேவை தைக்குள் நிமிர்கிற கடை. ஃபாஜில் மாதிரிக்கு ஒரு பக்கம் போட்டுக் காட்டினான். தூயமல்லி அரிசியின் படம், கீழே விலை, பக்கத்தில் வாங்குவதற்கான பட்டன். செம்மொழிக்கு உள்ளே குளிர்ந்தது.

“சரக்குத் தீந்துருச்சுன்னா தானாவே இப்படி மாறிரும் அக்கா” என்று அவன் எதையோ தட்டினான். அரிசிப் படத்தின் மேல் குறுக்காக, சிவப்பு எழுத்தில், ‘இல்லை’ என்று வந்தது.

ரெங்கம்மாள் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தவள். திரைக்குப் பக்கத்தில் குனிந்து, “இல்…லை” என்று கூட்டினாள். பிறகு நிமிர்ந்து, “அரிசி மேல எந்தக் கூறுகெட்டவன் இப்படி எழுதுனான்?” என்று கேட்டாள்.

“கம்பெனிக்காரன் எழுதினதும்மா. தீந்துபோச்சுன்னு அர்த்தம்” என்றான் அறிவுச்செல்வன்.

“தீந்துபோச்சுன்னாலும் அரிசிய இல்லைன்னு சொல்லலாமா? நிறைஞ்சிருக்குன்னுல்ல சொல்லணும்.”

டெல்டாவில் இது புதிதல்ல. அரிசி, மஞ்சள், குங்குமம் எல்லாம் தீர்ந்துபோனால் இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது; நிறைந்திருக்கிறது என்றுதான் பல வீடுகளில் சொல்லுவார்கள். கேட்கிறவர்களும் புரிந்துகொண்டு கடைக்குக் கிளம்புவார்கள். செம்மொழியும் அந்தப் பேச்சில் வளர்ந்தவள்தான். ஆனால் கம்பெனிக்காரனிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? “அத்தை, அது வீட்ல பேசறது. இது வியாபாரம். கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள்.

ரெங்கம்மாள் சும்மா இருக்கவில்லை. “உன் புருஷன் கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு ஐப்பசி மழை. வேலை கிடையாது. நாங்க பாடுபட்ட வீட்டுக் கொல்லைப் பக்கம் போயி அரிசிக்கு ஏனத்த ஏந்திக்கிட்டு நின்னேன். வீட்டுக்குள்ள படியால அரிசி அளக்குற சத்தம் எனக்குக் கேக்குது. எட்டிக்கூடப் பாக்காம ‘இல்லை, போ’ன்னு சொன்னாங்க. அன்னைக்கு நினைச்சுக்கிட்டேன், நம்ம வீட்டுல என்னைக்காவது நெல்லு வந்தா, அரிசின்னு கேட்டு வர்ற யாருக்கும் அந்த வார்த்தைய சொல்லக் கூடாதுன்னு. இதுவரைக்கும் சொன்னதில்ல. நீங்க ஊருக்கே தெரியற மாதிரி சிவப்புல எழுதப் பாக்குறீங்க” என்றாள். அழவில்லை, குரலும் உயரவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

அறிவுச்செல்வன் எழுந்து தண்ணீர் எடுத்து வந்து அம்மாவின் கையில் கொடுத்தான். இந்தக் கதையை அவனே இதற்கு முன் கேட்டதில்லை.

ஃபாஜில்தான் பேச்சை எடுத்தான். “எங்க உம்மாவும் டப்பா காலியானா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க, பரக்கத்தா, நிறைவா இருக்குன்னுதான் சொல்லுவாங்க” என்றவன், குத்தகைக் கம்பெனிக்கு அப்போதே எழுதிக் கேட்டான். அந்தச் சொல்லை மாற்ற வழியில்லை என்று பணிவான பதில் வந்தது. மூன்றாவது வழியில் மட்டும் எந்தச் சொல்லையும் மாற்றிக்கொள்ளலாம். “வேலை கொஞ்சம் இழுக்கும் அக்கா. நான் கூட இருக்கேன்” என்றான்.

செம்மொழிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு வார்த்தைக்காகச் சுலபமான கடையை விட்டுக் கஷ்டமான கடையைப் பிடிப்பவர்கள் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா? ஆனால் மாமியார் சொன்ன அந்தப் படிச் சத்தம் காதில் விழுந்துவிட்ட பிறகு அவளாலும் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்க்க முடியவில்லை. “சரி, பட்டாவே வாங்கிக்குவோம்” என்றாள். ‘நிறைந்திருக்கிறது’ என்று பச்சை நிறத்தில் எழுதினார்கள். பச்சை ரெங்கம்மாளின் யோசனை.

கடையைக் கட்டி முடிப்பதற்குள் செம்மொழி படாத பாடு பட்டாள். கோயம்புத்தூருக்கு அனுப்புகிற செலவை எடுத்துக்கொள்ளாமல் கடை அடம்பிடித்தது. பச்சரிசியைத் தட்டினால் புழுங்கல் வந்தது. ஃபாஜில் தன் கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்து சரி செய்வான். கூலி பற்றிக் கேட்டால், “உம்மாவுக்கு அரிசி குடுங்க, போதும்” என்பான். இப்படி ஒரு தம்பியைக் கொடுத்ததற்காகக் கூத்தாநல்லூர் பக்கம் திரும்பியே கும்பிடலாம் என்று செம்மொழி நினைத்துக்கொள்வாள். புரட்டாசியில் கடை திறந்தது. கவிஞர் வந்தார். அவரைத் தொடர்ந்து வேறு பலரும் வந்தார்கள். பொட்டலம் மாறவே இல்லை. கார்த்திகை முடிவதற்குள் போன வருஷத்து அரிசி முழுக்கத் தீர்ந்து, பக்கத்தில் பச்சை எழுத்து தானாக ஏறியது.

மார்கழி பிறந்ததும் தொடங்கியது கூத்து.

முதலில் சென்னையிலிருந்து ஒரு பெண். “உங்க சைட்ல அரிசி நிறைஞ்சிருக்குன்னு போட்டிருக்கு. வாங்குற பட்டனைக் காணோமே? நான் ஐ.டி.ல இருக்கேன், வேணும்னா சரி பண்ணித் தரேன்” என்று அன்பாகச் சொன்னாள். அடுத்து பெங்களூரிலிருந்து ஒருவர், பொங்கலுக்குள் வேண்டும், இருபத்தைந்து கிலோ எடுத்து வையுங்கள் என்றார். எங்கேயும் தூயமல்லி கிடைக்காத நேரத்தில் நீடாமங்கலத்தில் ஒரு கடையில் மட்டும் நிறைந்திருக்கிறதாம் என்று யாரோ குழுக்களில் போட்டுவிட்டிருக்கிறார்கள். பட்டனைக் காணாவிட்டால் என்ன, கீழே கைபேசி எண் இருக்கிறதே. கைபேசி ஓயவில்லை. ‘எங்களுக்கு எடுத்து வைச்சாச்சா?’ என்று செய்தி மேல் செய்தி. வீட்டுப் பேச்சு வாசலைத் தாண்டினால் நேர் எதிர்ப்பொருள் கொடுக்கும் என்பது அந்தக் கடையைக் கட்டிய யாருக்குமே உறைக்கவில்லை. உறைத்திருந்தால் இந்தக் கதை ஏது?

வயலிலோ கதிர் இப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. தை கடைசிக்கு முன்னால் அறுக்க முடியாது. இத்தனை பேருக்கும் என்ன பதில் சொல்வது? பொய் சொல்லிக் கூட்டம் சேர்த்த கடை என்று ஒருவர் எழுதினால் போதும், கடை அன்றோடு போயிற்று. இராஜாங்கத்தின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரிடம் போய், “உங்க ஒரு வார்த்தையால என் கடையே போச்சு அத்தை” என்று வெடித்தாள்.

நடந்ததை ரெங்கம்மாள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். வாக்குவாதம் செய்வாள் என்று செம்மொழி எதிர்பார்த்தாள். அவளோ கீரையையே பார்த்துக்கொண்டு, “அப்ப அந்த வார்த்தையவே போட்டுரும்மா. உன் பொழப்புதான் முக்கியம். நான் அந்தப் பக்கத்தப் பாக்கவா போறேன்” என்றாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலாம் என்று ஆகிவிட்டது செம்மொழிக்கு. அறைக்கு வந்து, கடையின் சொற்களை மாற்றுகிற பக்கத்தைத் திறந்து, பச்சைச் சொல்லை அழித்தாள். அந்த இடத்தில் ‘இல்லை’ என்று அடித்தாள். சேமிப்பதற்கான பட்டனைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போது கைபேசி மறுபடி அடித்தது. இன்னும் ஒருவர் பட்டனைக் காணோம் என்பார் என்று சலிப்போடுதான் எடுத்தாள்.

“வணக்கம்ங்க, நான் மாலதி, புனேலேருந்து பேசறேன். சொந்த ஊர் திருப்பனந்தாள். உங்களுக்கு அறுப்பு எப்பங்க?”

செம்மொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “தை கடைசிங்க. ஆனா… அரிசி தீந்துருச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நிறைந்திருக்கிறதுன்னு போட்டிருக்கீங்களே” என்று அந்தக் குரல் சிரித்தது. “எங்கம்மா இருந்த வரைக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்க போனதுக்கப்புறம் அந்த வார்த்தைய நான் கேக்கவே இல்லைங்க. உங்க பக்கத்தப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு. அவசரமில்ல, அறுத்து அரைச்சு அனுப்புங்க. பத்து கிலோ சொல்லி வைக்கிறேன்.”

செம்மொழி பெயரையும் பத்து கிலோவையும் குறித்துக்கொண்டாள். மாலதி வைத்துவிட்டாள். ‘சொல்லி வைக்கிறேன்’ என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது. பாலுக்குச் சொல்லி வைக்கிறோம், அறுப்பு மிஷினுக்குச் சொல்லி வைக்கிறோம், பந்தல்காரருக்குச் சொல்லி வைக்கிறோம். அரிசிக்கு ஏன் கூடாது? ஃபாஜிலைக் கூப்பிட்டாள். “முன்கூட்டியே ஆர்டர் எடுக்கறதுக்கு நம்ம கடையில வழி இருக்கா தம்பி?”

“இருக்கு அக்கா. அதுக்குன்னு தனி பட்டனே உண்டு. என்ன பேர் வேணும்னாலும் வச்சுக்கலாம். நம்ம பட்டாதானே.”

‘இல்லை’யை அழித்தாள். பச்சைச் சொல்லைத் திரும்ப ஏற்றினாள். அதன் கீழே எழுதினாள்: ‘எங்கள் பக்கத்தில் அரிசி தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்ல மாட்டோம், நிறைந்திருக்கிறது என்போம். உங்களைக் குழப்பியதற்கு மன்னிக்க வேண்டும். கதிர் வயலில் இருக்கிறது. தை கடைசியில் அறுப்பு. காத்திருக்க மனமிருந்தால் சொல்லி வையுங்கள்.’ பக்கத்தில் புதிய பட்டன்: ‘சொல்லி வைக்கிறேன்’.

பிறகு, கேட்டிருந்த ஒவ்வொருவரையும் தானே கூப்பிட்டு விளக்கினாள். எல்லாரும் உருகிவிடவில்லை. பெங்களூர்க்காரர், இதெல்லாம் ஒரு வியாபாரமா என்று நன்றாகவே திட்டினார். சிலர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஐ.டி. பெண் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அந்த விளக்கத்தைத் தன் குழு முழுக்க அனுப்பினாள். ‘எங்கள் வீட்டிலும் இப்படித்தான்’ என்று எங்கெங்கோ இருந்த மாயவரத்துக்காரர்களும் பட்டுக்கோட்டைக்காரர்களும் எழுதினார்கள். பட்டனைத் தட்டினார்கள். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட கவிஞரும் சொல்லி வைத்தார். கதிர் பழுப்பதற்குள் வயலில் நின்ற நெல் மொத்தமும் பேசி முடிந்திருந்தது. விற்குமா விற்காதா என்ற கவலையோடு அறுக்கிற குடும்பத்துக்கு, யார் யார் உலையில் வேகப் போகிறது என்று தெரிந்தே அறுப்பது அதுதான் முதல் தடவை. முகம் தெரியாத அத்தனை பேரையும் நினைத்து, களத்து மேட்டில் நெல் குவிந்தபோது செம்மொழி நிஜமாகவே அழுதுவிட்டாள்.

இராஜாங்கம் சொன்ன சொல் தவறாமல் கூப்பிட்டார். “என்னம்மா, உன் இடத்துல ஆள் போட்டுடட்டுமா?”

“போட்டுருங்க சார்” என்றாள். “இத்தனை நாள் காத்திருந்தீங்களே, அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

“அரிசி அனுப்பு, போதும். நானும் சொல்லி வச்சிருக்கேன்ல.”

மாசியில் அரைத்து, புடைத்து, கல் பொறுக்கி, மூட்டை மூட்டையாகப் போயிற்று. கடைசிப் பொட்டலத்தைக் கூரியர்காரர் ஏற்றிக்கொண்டு போன சாயங்காலம், கடைப் பக்கத்தில் பச்சை எழுத்து மறுபடி ஏறியது. அதைப் பார்த்த பிறகுதான் செம்மொழிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆர்டர் வந்த வேகத்தில் வீட்டுக்கென்று எதையும் ஒதுக்கியதாக நினைவே இல்லை. “அத்தை, நம்ம டிரம்ல அரிசி இருக்கா?” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“நிறைஞ்சிருக்கு” என்று கொல்லையிலிருந்து பதில் வந்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டுச் சொந்த வீட்டு உலைக்கு அரிசி வைக்காமல் போனோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, பையை எடுத்துச் செருப்பை மாட்டினாள். ரெங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

“விளக்கு வைக்கிற நேரத்துல எங்க கிளம்பிட்ட?”

“கடைக்கு அத்தை. அரிசி வாங்கிட்டு வந்துர்றேன்.”

“அரிசி எதுக்கு? நிறைஞ்சிருக்குன்னு சொன்னேன்ல.”

செம்மொழி பையைப் போட்டுவிட்டு உள்ளே போய் டிரம் மூடியைத் திறந்தாள். விளிம்புக்கு மேல் குவிந்து நின்றது தூயமல்லி. மூடியை எடுத்ததில் நாலு மணி தரையில் சிந்தியது. அரைத்து வந்த அன்றைக்கே, ஒரு பொட்டலம் கட்டுவதற்கு முன்னால், அம்மாவும் மகனுமாக நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

“இத்தனை வருஷமா காலி ஏனத்தப் பாத்துத்தான் அந்த வார்த்தையச் சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றாள் ரெங்கம்மாள், சிந்திய மணிகளைப் பொறுக்கிக்கொண்டே. “இன்னைக்குத்தான் நிறைஞ்ச ஏனத்தப் பாத்துட்டுச் சொன்னேன்.”

செம்மொழி மாமியாரின் கையிலிருந்த மணிகளை வாங்கி டிரம்முக்குள்ளேயே போட்டாள். பிறகு ராத்திரிச் சோற்றுக்கு அரிசியை அளந்து எடுத்துக் கழுவப் போனாள்.